மெழுகுவர்த்திக் கழகத்தின் கௌரவ உறுப்பினர்

ஹெலிசே தீவு
அக்டோபர் 9

அன்பு மருமகள் தோராவுக்கு, உன் தாய்மாமன் எர்லெண்ட் எழுதுவது.

இங்கே நான், உன் அம்மா, மாடுகள், கோழிகள் எல்லாரும் சுகம். நீயும் உன் புத்தகங்களும் அங்கே ஈரத்தில் நனையாமல் இருக்கிறீர்களா?

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே பிரித்துவிட்டேன். கயிறு கட்டுகிற வேலையை மறந்து நான் படித்துக்கொண்டு நிற்க, படகு தானாக வந்து ஒதுங்கி, நான் முடிக்கிறவரை காத்திருந்தது. இந்தக் கடலில் எனக்கு இருக்கிற மரியாதை அப்படி.

எடின்பரோ கல்லூரியில் மெழுகுவர்த்திக் கழகம் என்று ஒன்றில் சேர்ந்திருக்கிறாயாம். மார்ச் மாதப் பரீட்சை முடிகிறவரை எல்லாருடைய கைப்பேசியும் ஒரு தகரப் பெட்டியில் பூட்டிக் கிடக்குமாம். மையும் காகிதமும்தான் பேச்சாம். நல்லது. பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு நடந்தபோதே படிப்பென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். வாத்தியார் கேட்கவில்லை.

வாரம் ஒரு டைரி யோசனை தருவார்களாம், அதை வைத்து இருட்டும் தூசியும் மணக்க மணக்க எழுத வேண்டுமாம். ‘மூடிய நூலகத்தில் ஒரு நாற்காலி இழுபடுகிறது. உட்காருவது யார்?’ நான் என்ன எழுதுவேன் என்று கேட்டிருக்கிறாய். எழுதுவதென்ன, நடந்ததைச் சொல்கிறேன். நூலக வண்டி ஒரு தடவை புயலில் நம் தீவிலேயே மாட்டிக்கொண்டது. உள்ளே நாற்காலி சத்தம். கதவைத் திறந்தால் ஒரு கடல்நாய், நிலப்படப் புத்தகத்தில் கிரீன்லாந்துப் பக்கத்தை விரித்து வைத்து அழுதுகொண்டிருக்கிறது. ஊர் நினைப்பு. புத்தகத்தில் முத்திரை குத்தி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா என்று சொல்லி அனுப்பினேன். இன்னும் வரவில்லை.

உன் அம்மா தோளுக்குப் பின்னால் நின்று, “எழுதுடா, எழுது. அதுக்கு ஒரு மூக்குக்கண்ணாடியும் மாட்டி விடு” என்கிறாள். அவளுடைய அன்பும்.

உன் மாமா,
எர்லெண்ட் லிங்க்லேட்டர்

எடின்பரோ
அக்டோபர் 26

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் சுகமும் அம்மாவின் சுகமும் அறிந்து நிம்மதி. எனக்குக் கொஞ்சம் இருமல். இங்கே எல்லாருக்கும் இருமல்தான். கழகத்தில் அதை ஓர் அழகாகவே வைத்திருக்கிறார்கள்.

உண்மையைச் சொல்கிறேன். முதல் சில வாரங்கள் என்னோடு யாரும் பேசவில்லை. எல்லாரும் தாத்தா காலத்துக் கோட்டுப் போட்டிருக்கிறார்கள், அவரவர் தாத்தாவுடையது. என்னுடையது பழைய துணிக்கடையில் வாங்கியது. மாமா படகுக்குக் கயிறு கட்டுகிறார் என்றேன். எல்லாரும் கணப்பு நெருப்பைப் பார்த்தார்கள்.

பிறகு உங்கள் கடல்நாயை வாசித்தேன். தலைவி ஆக்டேவியா சிரித்த சிரிப்பில் மெழுகு அவள் மடியில் கொட்டியது.

“ஏய் தீவு, இந்த மாமா நெஜமாவே இருக்காரா, இல்ல நீயே கெளப்பி விடறியா?”

“இருக்காரு.”

“அப்போ அவர் எழுதறதுல எது நெஜம்?”

“கடைசில போடற பேரு.”

அன்றிலிருந்து நெருப்புக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, மாமா. உங்களைக் கழகத்தின் கௌரவ உறுப்பினராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அடுத்த யோசனை: ‘இறந்துபோன அறிஞர் ஒருவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடு. அவர் என்ன குறை சொல்வார்?’ சீக்கிரம் அனுப்புங்கள். என் நாற்காலி உங்கள் கையில்தான் இருக்கிறது.

அம்மா ஏன் தபால் அட்டையில் இரண்டு வரி மட்டும் எழுதுகிறாள்? கோபமா?

அன்புடன்,
தோரா

ஹெலிசே
நவம்பர் 14

கழகத்துத் தங்கை தோராவுக்குக் கௌரவ உறுப்பினரின் ஆசி. இருமலுக்கு வெங்காயச் சாறு குடி. அழகெல்லாம் அப்புறம்.

பதவிச் செய்தியை ஞாயிறு தேவாலயத்தில் போதகர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு அறிவித்தார். (நிறுத்தினார் என்றால், இருமினார். அந்த இடைவெளியில் நானே அறிவித்துவிட்டேன்.)

செத்துப்போன அறிஞர் போன செவ்வாய் வந்தார். தாடியில் பூஞ்சை. தேநீரை முகர்ந்து பார்த்து, “இதுல தேயிலை எங்கேப்பா?” என்றார். “ஐயா, உங்க புத்தகத்துல அர்த்தம் எங்கயோ, அங்கதான்” என்றேன். ஆள் அசந்துவிட்டார். தன் வாழ்நாள் உழைப்பை ஹெலிசே பள்ளிக்கூடத்தில் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டாக வைத்திருக்கிறார்கள் என்பதுதான் அவருடைய பெரிய குறை. கதவு நன்றாக நிற்கிறது என்று ஆறுதல் சொன்னேன்.

உன் அம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று பெரிய தீவுக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிக் கடையில் நல்ல கூட்டம், சில நாள் தங்கும்படி ஆகிவிட்டது. அதனால்தான் எழுத்து சுருங்கிவிட்டது. கொஞ்சம் இளைத்திருக்கிறாள். என் சமையலைச் சாப்பிட்டால் யார்தான் இளைக்க மாட்டார்கள்?

கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா? இதை அவள் கேட்கச் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

மாமா

எடின்பரோ
டிசம்பர் 3

அன்புள்ள மாமா,

எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

திட்டாதீர்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. ஆக்டேவியா தன் கிராமத்து வீட்டுக்குக் கழகத்தையே அழைத்திருக்கிறாள். அந்த வீட்டில் ஏணி வைத்த நூலகம் இருக்கிறது. பகலெல்லாம் படிப்பு, சாயங்காலம் நாட்குறிப்பு வாசிப்பு. “நீ வரலேன்னா உன் மாமா வாசிப்பு யாரு செய்யறது?” என்றாள். ஒரு வீட்டுக்கு என்னை இப்படி யாரும் கூப்பிட்டதில்லை, மாமா.

அம்மாவுக்கு எழுதிக் கேட்டேன். ‘போய் வா கண்ணு. சந்தோஷமா இரு’ என்று அட்டை வந்தது. அம்மாவே சொல்லிவிட்டாள், பாருங்கள். புதுக் கண்ணாடியில் எழுத்து இன்னும் நடுங்குகிறதே, கடைக்காரனைப் பிடித்து உலுக்குங்கள்.

தோரா

ஆக்டேவியாவின் வீடு
ஜனவரி 4

அன்புள்ள மாமா, அம்மாவுக்கும் உங்களுக்கும் புத்தாண்டு வாழ்த்து.

இங்கே மழை. தோல் அட்டைகளின் வாசனை. சந்தோஷமாக இருக்கிறேன். இதை எழுதவே பயமாக இருக்கிறது, எழுதினால் போய்விடுமோ என்று.

ஜனவரி யோசனை கடினமானது. ‘ஒரு வீட்டில் ஒருவர் சாகக் கிடக்கிறார். யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. அந்த அறையின் சன்னலைப் பற்றி எழுது.’

“உன் மாமாவுக்குச் சிரிக்க வெக்கத்தான் தெரியும். அழ வெக்கத் தெரியாது” என்று ஆக்டேவியா எல்லார் முன்னாலும் சவால் விட்டிருக்கிறாள். தெரியும் என்று நானும் சவாலை ஏற்றுக்கொண்டேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள்.

தோரா

ஹெலிசே
ஜனவரி 6

அன்பு மருமகள் தோராவுக்கு,

நீ சுகம்தானே? புத்தாண்டிலிருந்து காற்று. படகு இல்லை, தபாலும் இல்லை. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் படகு எது வருகிறதோ அதில் இதைப் போடுவேன்.

அது கண்ணாடிக் கடை இல்லை. ஆஸ்பத்திரி. அம்மாவுக்கு வயிற்றில் நோய். நவம்பரிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம். வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.

உனக்குச் சொல்லக் கூடாது என்று வேதப்புத்தகத்தின் மேல் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். “அவ படிக்கட்டும்டா. நம்ம வம்சத்துல பரீட்சை எழுதப் போன மொத ஆளு. மார்ச் வரைக்கும் நான் தாக்குப் பிடிச்சுருவேன். நீ மட்டும் வாயை வெச்சுக்கிட்டு சும்மா இரு.” போதகரிடமும் சத்தியம் வாங்கிவிட்டாள். ஆனால் நர்ஸ் இசபெல் மார்ச் என்று சொல்லவில்லை. அவள் எந்த மாதத்தையும் சொல்லவில்லை. கேட்டால் தேநீர்க் கெட்டிலைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

கட்டிலை முன்னறைச் சன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். படகு வருவதைப் பார்க்க வேண்டுமாம். கடல் உப்பு கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. தினமும் காலையில் துடைக்கிறேன், மத்தியானத்துக்குள் மறுபடி படிந்துவிடுகிறது. “யாரு எறங்கினாங்கன்னு தெரியலடா, தொடச்சு விடு” என்கிறாள். யாரை எதிர்பார்க்கிறாள் என்று அவளும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. கோழிகள் அந்தச் சன்னலைக் கடக்கும்போது நுனிக்காலில் நடக்கின்றன.

வந்துவிடு. சத்தியத்தை உடைத்த பாவத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எர்லெண்ட்

எடின்பரோ
ஜனவரி 21

மாமா! மாமா!

நலமா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை, மன்னியுங்கள். ஜெயித்துவிட்டீர்கள்.

உங்கள் சன்னல் கடிதத்தைக் கழகத்தில் வாசித்தேன். ஆக்டேவியா எழுந்துபோய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். திரும்பி வந்து, “உப்பு படியறது… அதை யாரும் கற்பனையா எழுத முடியாதுடி. இந்த மனுஷன் மேதை” என்றாள். என் கடிதம் வரவே இல்லை என்று ஆரம்பித்தீர்களே, அந்தத் தந்திரத்தை எல்லாரும் ரசித்தார்கள். அழுகைக்கு நடுவே நுனிக்காலில் நடக்கிற கோழி! அது உங்கள் முத்திரை.

எனக்கே ஒரு நிமிஷம் நிஜமோ என்று தோன்றிவிட்டது. அம்மாவையே பாத்திரமாக்கியதுதான் கொஞ்சம் அதிகம். அவளிடம் வாசித்துக் காட்டினீர்களா? உதை விழுந்திருக்குமே!

தோரா

ஹெலிசே
ஜனவரி 30

தோரா,

நீ சுகமாக இரு. மற்றதைக் கேள்.

உன் யோசனைக் கடிதமும் இந்தக் கடிதமும் ஒரே பையில் வந்தன. இரண்டையும் மாட்டுக்கொட்டிலில் உட்கார்ந்து படித்தேன். நான் எழுதியது டைரி யோசனைக்கு இல்லை. உன் அம்மா சாகக் கிடக்கிறாள். கடலின் மேல் ஆணை, என் மாடுகளின் மேல் ஆணை, எங்கள் அப்பன் கல்லறை மேல் ஆணை. ஊரில் உள்ள எல்லாக் கல்லறை மேலும் ஆணை.

உன் கல்லூரிக்குப் போன் செய்தேன். வாசற்காவலர் நல்ல மனிதர். “பிள்ளைங்களைக் கூப்பிட்டு விட முடியாதுங்க. சீட்டு எழுதி அவங்க தபால் பொட்டியில போடறேன்” என்றார். மறுநாளும் செய்தேன். “நேத்தே போட்டாச்சுங்க ஐயா” என்றார்.

நேரில் வந்துவிடலாம். ஆனால் அவளைத் தூக்கித் திருப்பிப் படுக்க வைக்க என் கையைத் தவிர வேறு கையை விட மாட்டேன் என்கிறாள். நான் படகேறின பிறகு காற்று பிடித்துக்கொண்டால்?

நம்பிக்கை வர வேண்டுமே என்று நர்ஸிடம் கெஞ்சினேன். “இது எங்க வேலைக்கு விரோதம் எர்லெண்ட்” என்றாள். பிறகு பேனாவை வாங்கினாள். கீழே பார்.

மாமா

மேலே உள்ளது உண்மை. — இசபெல் ரெண்டால், தீவு நர்ஸ்

எடின்பரோ
பிப்ரவரி 10

அன்புள்ள மாமா,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நர்ஸ் கையெழுத்தைக் கழகம் கைக்குக் கை மாற்றிப் பார்த்தது. வேறு மை, வேறு சாய்வு! காவலர் வைத்த சீட்டும் கிடைத்தது. “உன் மாமா கதையை நம்ம வாசலுக்கே கொண்டாந்துட்டாரு” என்கிறாள் ஆக்டேவியா. எனக்குத் தெரியாதா உங்களை? பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து, வாசற்படியில் திமிங்கிலம் தூங்குகிறது, பிள்ளை இன்றைக்கு வராது என்று சொன்னவர்தானே? பதிலுக்கு நான் போன் செய்தால் விரதம் முறியும், நாற்காலி போகும். அதற்குத்தானே இத்தனை பாடு? மாட்டேன்.

ஒரு விமர்சனம் மட்டும். ஆணைகள் அதிகம். உண்மை சொல்கிறவர் அத்தனை கல்லறையைக் கூப்பிட மாட்டார்.

இந்த ஆட்டம் போதும், மாமா. ராத்திரி எனக்கு நல்ல கனவு வருவதில்லை. அம்மாவை அவள் கையாலேயே நாலு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கிறிஸ்துமஸுக்குப் பிறகு அட்டையும் வரவில்லை.

தோரா

ஹெலிசே
பிப்ரவரி 17

தோரா,

அம்மாவால் பேனா பிடிக்க முடியவில்லை.

நேற்று என்னைப் பார்த்துத் தோரா என்று கூப்பிட்டாள். நான் ம் என்றேன்.

எர்லெண்ட்

வடக்குத் துறைமுகம், படகுக் காத்திருப்பு அறை
பிப்ரவரி 24

மாமா,

அம்மா எப்படி இருக்கிறாள்?

உங்கள் கடிதத்தைக் கழகத்தில் வாசிக்கத்தான் எடுத்துப் போனேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. நீங்கள் அப்படி எழுதி நான் பார்த்ததே இல்லை.

“வாசி தீவு, என்ன இந்தத் தடவை இவ்ளோ சின்னது?” என்றாள் ஆக்டேவியா. “பெட்டிச் சாவியைக் குடு” என்றேன். அவள் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை.

பெட்டியைத் திறந்து போன் செய்தால் ஹெலிசே கிடைக்கவில்லை. காற்றில் கைப்பேசிக் கோபுரம் விழுந்துவிட்டதாம். அன்றைக்கே ரயில் ஏறினேன். இங்கே வந்தால் பயணிகள் படகு நின்றுவிட்டது. நாளை மறுநாள் காலை விடலாம் என்கிறார்கள். டேவிக்கின் தபால் படகு மட்டும் புறப்படுகிறது. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். “இந்த அலையில தபால் பையைத்தான் கொண்டு போகலாம் புள்ள, உன்னைக் கொண்டு போக முடியாது. பை விழுந்தா போகட்டும்னு விட்ரலாம்” என்றார்.

அதனால் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருகிறது. வானம் தெளிந்தால் இங்கிருந்து தீவு தெரிகிறது, மாமா. கூரைகூடத் தெரிகிற மாதிரி இருக்கிறது. அம்மாவிடம் நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லுங்கள். காத்திருக்கச் சொல்லுங்கள். சன்னலைத் துடைத்து வையுங்கள்.

தோரா

ஹெலிசே
பிப்ரவரி 25

தம்பி டேவிக்,

இதோடு இருக்கிற கடிதத்தைப் பிள்ளை தோராவிடம் கொடு. நாளைக் காலை நீயும் அவளோடு பயணிகள் படகில் வா; ஏறிய பிறகு கொடு, கரையில் வைத்துக் கொடுக்காதே.

அவள் அம்மா மெரன் இன்று விடியும்போது போய்விட்டாள். பிள்ளையின் கடிதம் அதற்குப் பிறகுதான் என் கைக்கு வந்தது. நீ எதுவும் சொல்லிவிடாதே. அவ்வளவு தண்ணீரை அவள் தாண்டி வர வேண்டும். உள்ளே நான் எழுதியிருப்பது எல்லாம் பொய். கெட்டிக்காரி, பாதியில் புரிந்துகொள்வாள். எனக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. புரிந்துகொண்டது போலத் தெரிந்தால் பக்கத்தில் உட்கார். பேச வேண்டாம். சூடாக ஏதாவது கொடு.

எர்லெண்ட்

ஹெலிசே
பிப்ரவரி 25

என் கண்ணு தோராவுக்கு மாமா எழுதுவது.

எல்லாரும் சுகம். பயணத்தில் வயிறு புரட்டுகிறதா? அடிவானத்தையே பார், தண்ணீரைப் பார்க்காதே.

உன் கடிதம் வந்த நேரம் நல்ல நேரம். உன் அம்மா காலையில் எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ஓட்ஸ் கஞ்சியை எட்டத் தள்ளி, “மீனைப் பொரிடா, நான் என்ன கன்னுக்குட்டியா?” என்று போட்ட அதட்டலில் நர்ஸ் இசபெல் கெட்டிலோடு கொட்டில்வரை ஓடிவிட்டாள். சுவர்க்கடிகாரமும் அந்தச் சத்தத்தில் நின்றுவிட்டது. அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

சேதி தெரிந்து ஊரே வந்துகொண்டிருக்கிறது. ஆண்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டு. பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சூப் பாத்திரம், ஒரு ரொட்டி. வைக்க இடமில்லாமல் ஆர்மோனியத்தின் மேல் அடுக்கியிருக்கிறோம். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை, உன் அம்மா சாப்பிட்ட களைப்பில் தூங்குகிறாள் அல்லவா? போதகரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்ன கதைக்கு அவரும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

நீ வருகிறாய் என்று சொன்னேன். குனிந்து, காதோரம், நன்றாகக் கேட்கும்படி சொன்னேன். சன்னலைத் துடைத்தது மட்டுமில்லை, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்திருக்கிறேன். அவளுக்குக் காற்று வேண்டுமாம். குளிர்தான், இருந்தாலும் மூட மனம் வரவில்லை.

அவசரப்பட்டுப் படகின் முனையில் வந்து நிற்காதே. உள்ளே உட்கார். டேவிக் எதைக் கொடுத்தாலும் வாங்கிக் குடி. இறங்கினதும் ஓடாதே, பாசி வழுக்கும். நான் துறையில்தான் நிற்பேன். நாளைக்குக் கயிறு வேறு ஆள் கட்டுவான், என் இரண்டு கையும் சும்மாதான் இருக்கும்.

இந்தக் கடிதத்தை வேகமாகப் படித்துவிடாதே, கண்ணு. மெதுவாகப் படி. கரை வருகிறவரைக்கும் வரட்டும்.

உன் மாமா,
எர்லெண்ட்